நாகர்கோவிலில் வாடகை அளவாக ஏறும் ஃப்ளாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாகர்கோவிலில் ஃப்ளாட்டில் இருக்கிறீர்கள், மாத வாடகை 10,000, மார்ச்சில் அக்ரிமென்ட் முடிகிறது, புதுப்பிக்க 12,000 கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் இப்படித் தூக்காத வீடு இந்த ஊரில் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

கிடைக்கும். நான் இப்போது ராமன்புதூர் பக்கம் இருக்கும் வீடு அப்படிப்பட்டதுதான். ஆனால் அது எங்களுக்கு மூன்றாவது வீடு. முதல் இரண்டு வீட்டிலும் நாங்கள் பார்த்தது இன்றைய வாடகையை மட்டும்தான். அடுத்த வருஷம் என்ன கேட்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

முதல் வீடு ஆசாரிபள்ளத்தில், மெடிக்கல் காலேஜுக்கு நடந்து போகும் தூரம். 9,500 ரூபாய்க்குக் குடிபோனோம். பதினொன்றாம் மாதம் புரோக்கர்தான் போன் செய்தார்; வீட்டுக்காரர் பேசவே இல்லை. "11,500 தர ஆள் நிக்குது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பக்கம் படிக்க வருகிறவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களும் வந்துகொண்டே இருப்பதால் வீடு காலியாகக் கிடப்பதில்லை. ஆள் மாறினால் புரோக்கருக்கு இன்னொரு மாத வாடகை கமிஷன் வேறு. நாங்கள் தொடர்ந்து இருப்பதால் லாபம் அடையக்கூடியவர் அந்த ஏற்பாட்டில் ஒருவர்கூட இல்லை. எனக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆனது. சுங்கான்கடை மாதிரி கல்லூரிகளை ஒட்டிய இடங்களிலும் இதே கவனம் வேண்டும்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரைப் பாருங்கள். அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர், பென்ஷன் வாங்குகிறவர், லோன் முடித்தவர் என்றால் அவருக்கு வேண்டியது மாதா மாதம் தவறாத வாடகையும் தொந்தரவில்லாத குடும்பமும். பேங்க் லோனில் வாங்கிவிட்டு வாடகையில் தவணை கட்டுகிறவருக்கு நெருக்கடி அதிகம். அந்த நெருக்கடி நம் தலையில்தான் இறங்கும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களை அப்படி ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. சிலர் நேரில் பேசினால் மிக நல்லவர்கள். ஆனால் சாவியை வைத்திருக்கும் மச்சானோ புரோக்கரோ சொல்வதுதான் அவர்கள் காதுக்குப் போகும். ஒரு தடவையாவது வீட்டுக்காரரோடு வீடியோ காலில் பேசிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்போதைய வீட்டைப் பார்க்கப் போன அன்று, காலி செய்துகொண்டிருந்த அக்கா பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கணவருக்கு மாற்றல், அதனால்தான் போகிறார்கள். வாடகை எப்படி ஏற்றுவார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த மாதக் காலண்டர்களைக் கழற்றிக் கொடுத்தார். பழையதன் மேலேயே புதியதை மாட்டி, மூன்று வருஷக் காலண்டர் ஒன்றாகத் தொங்கியது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக் கட்டத்தில் நீல மையில் கொடுத்த தொகை. புரட்டிப் பார்த்தேன். அந்த எண் ஒரே ஒரு தடவைதான் மாறியிருந்தது. எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தக் காலண்டர் சொல்லிவிட்டது. காலி செய்கிறவரைப் பார்க்க முடியாவிட்டால் எதிர் ஃப்ளாட்டில் வாடகைக்கு இருப்பவரிடமோ வாட்ச்மேனிடமோ கேளுங்கள். "இந்த வீட்ல ஆளு எத்தன நாள் இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டால் போதும். வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்றால் காரணம் இருக்கும்.

இந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மேல்மாடியில் இருக்கிறார். ஏற்றுவதைப் பற்றி நான் கேட்டதும், "மக்களே, வருஷா வருஷம் வெள்ளையடிச்சு ஆள் தேட என்னால முடியாது. நீங்க இருந்தா போதும்" என்றார். சரி சார், அதையே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எழுதினோம்: இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம், மாற்றம் எதுவானாலும் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்த எழுத்துதான் முக்கியம். வாடகையை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதன்படிதான் உயர்வு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டம்தான். 'அப்போதைய மார்க்கெட் நிலவரப்படி' என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு கணக்கு. 9,000 வாடகை, 11 மாதத்துக்கு ஒரு தடவை 15 சதவீதம் ஏறும் வீடு ஒன்று. 10,000 வாடகை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம் ஏறும் வீடு இன்னொன்று. நாலு வருஷத்தில் முதல் வீட்டுக்குச் சுமார் 5,57,000 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவதற்கு 5,04,000. குறைந்த வாடகை என்று போன வீட்டில் 53,000 ரூபாய் கூடுதல். நான் இதை ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்த இரவு, ஆசாரிபள்ளத்து வீட்டைத் தேர்ந்தெடுத்த நாளை நினைத்து ரொம்ப வருத்தப்பட்டேன். லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் என்று வாங்கும் மெயின்டனன்ஸ் தனியாக ஏறும். அது வாடகைக்குள் அடக்கமா என்று கேட்காமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. புதுப்பிக்கும்போது அட்வான்ஸையும் கூட்டிக் கேட்பார்களா என்பதையும் கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 12,000 என்பது 20 சதவீத உயர்வு. உடனே வீடு மாற வேண்டாம். ஜனவரியிலேயே வீட்டுக்காரரை நேரில் போய்ப் பாருங்கள். புரோக்கர் வழியாக வேண்டாம். வாடகை கொடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போனால் ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே அவருக்கு அந்த மாத வாடகை நஷ்டம், அதோடு பெயின்ட் செலவு. "11,000 தருகிறேன், இரண்டு வருஷம் இருக்கிறேன், அதுவரை ஏற்றக் கூடாது, எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பிப்ரவரி முழுக்க உங்களுக்குத் தேட நேரம் இருக்கும். ராமன்புதூர், கிருஷ்ணன்கோவில், வெட்டூர்ணிமடம் பக்கம் சாயங்காலம் நடந்து போய் 'வீடு வாடகைக்கு' அட்டைகளைப் பாருங்கள். அட்டையில் இருக்கும் நம்பரை வீட்டுக்காரரே எடுத்தால் அந்த வீட்டை முதலில் பாருங்கள்.