அமெரிக்க உளவு அமைப்புகளுக்கெல்லாம் ஒரே பாதுகாப்பு விதி இல்லையா?

கேள்வி: ஓர் அமெரிக்க உளவு அமைப்பில் உயர் ரகசிய கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைப் பார்க்கும் அனுமதி) வைத்திருப்பவர் இன்னோர் அமைப்புக்கு மாறினால் ஏன் மறுபடி சோதிக்கிறார்கள்? எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாதா?

விதி இருக்கிறது. ஒன்றல்ல, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஒருவர் கொடுத்த சான்றை இன்னொருவர் நம்புவதுதான் நடக்க மாட்டேன் என்கிறது.

நான் தகவல் பாதுகாப்புத் தணிக்கை வேலை பார்ப்பவன். உளவு அமைப்பு எதன் வாசலையும் மிதித்ததில்லை. ஆனால் அமெரிக்கா இந்த விதிகளில் பலவற்றைப் பொதுவெளியில் வைத்திருக்கிறது, அவற்றைப் படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு.

சிக்கல் 1947லேயே தொடங்குகிறது. அந்த ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம், உளவுத் தகவல் வரும் வழிகளைக் காக்கும் பொறுப்பை மத்திய உளவு இயக்குநரிடம் கொடுத்தது. அவரே சிஐஏவுக்கும் தலைவர். ஆனால் தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் என்எஸ்ஏ போன்ற பெரிய அமைப்புகளின் ஆளும் பணமும் பாதுகாப்புத் துறையிடம் இருந்தன. அவர் எல்லாருக்கும் சேர்த்து உத்தரவு போடலாம். நடைமுறையில் அதற்கு என்ன பொருள் என்பதை அவரவர் அலுவலகம் முடிவு செய்துகொள்ளும். 2004இல் வந்த சட்டம் இந்தப் பொறுப்பை சிஐஏ தலைமையிலிருந்து பிரித்து, தேசிய உளவு இயக்குநர் என்று தனிப் பதவியை உண்டாக்கியது. இன்று அந்தக் குடையின் கீழ் 18 அமைப்புகள். அவற்றில் 9 இப்போதும் பாதுகாப்புத் துறைக்குள்தான்.

கட்டடங்கள் விஷயத்தில் ஓரளவு ஒத்துப்போய்விட்டார்கள். மிக ரகசியமான தாள்களைப் படிக்கத் தனி அறை உண்டு, ‘ஸ்கிஃப்’ என்பார்கள். சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்க வேண்டும், கதவும் அலாரமும் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. 2010இல் வந்த ஐசிடி 705 என்ற உத்தரவுப்படி, விலக்கு எதுவும் வாங்காமல் ஓர் அமைப்பு அங்கீகரித்த அறையை மற்றவர்களும் பயன்படுத்தலாம். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று: விதியைத் தளர்த்த மட்டுமல்ல, விதியைவிடக் கூடுதலாக இறுக்கவும் விலக்கு வாங்க வேண்டும். எழுதியவர் அனுபவசாலி. ‘எங்கள் சுவர் இன்னும் தடிமன், உங்கள் அறை எங்களுக்கு ஆகாது’ என்று யாரும் கிளம்பிவிடக் கூடாதல்லவா?

சுவரை அளந்துவிடலாம். மனிதரை எதை வைத்து அளப்பது?

சிஐஏ பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனையை நம்பும் அமைப்பு. அதன் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் சோவியத்துக்கு உளவு பார்த்துக்கொண்டே 1986, 1991 என இரண்டு முறை அந்தச் சோதனையில் தேறினார், 1994இல்தான் பிடிபட்டார். எஃப்பிஐயில் அதேபோல் உளவு பார்த்த ராபர்ட் ஹான்சன் 2001இல் கைதாகும் வரை ஒருமுறைகூட பாலிகிராஃபுக்கு உட்கார்ந்ததில்லை. ‘உங்கள் முறையை எப்படி நம்புவது?’ என்று இரண்டு பக்கமும் கேட்கலாம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

சரி, அடுத்தவரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2001 தாக்குதலுக்குப் பிறகு ‘தகவலைப் பகிருங்கள்’ என்பதே மந்திரமாக இருந்தது. வெளியுறவுத் துறையும் தன் தூதரகக் கடிதங்களை ராணுவமும் பார்க்கக்கூடிய வலைப்பின்னலில் வைத்தது. 2010இல் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்குப் போன இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வெளியுறவுத் துறையுடையவை. எடுத்துக் கொடுத்தவரோ ஈராக்கில் இருந்த ராணுவப் பகுப்பாய்வாளர். தாள் ஒருவருடையது, கணினி இன்னொருவருடையது. அந்த நவம்பரிலேயே வெளியுறவுத் துறை அந்த இணைப்பைத் துண்டித்தது.

என் தொழிலில் ஒருமுறை, ஒரு நிறுவனத்தின் ஒரு பிரிவுக்காகத் தணிக்கை செய்து முடித்த சர்வர் அறையை, மறு மாதமே இன்னொரு பிரிவுக்காக மறுபடி தணிக்கை செய்யச் சொன்னார்கள். அறை அதே அறை, பூட்டும் அதே பூட்டு. ஏன் என்று கேட்டேன். “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்து என்னோடதுதானே சார்” என்றார் மேலாளர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஒருவர் கொடுத்த கிளியரன்ஸை மற்றவர் ஏற்க வேண்டும் என்று 1995இல் அதிபரின் ஆணை சொன்னது. 2004இல் சட்டம் சொன்னது. 2008இல் இன்னோர் ஆணை. ஒழுங்காக நடந்திருந்தால் ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்ல வேண்டி வந்திருக்காது. 2018இல் வந்த உத்தரவு நாள் கணக்கே வைத்தது: ஏற்பதா இல்லையா என்று 5 வேலைநாளில் முடிவெடுக்க வேண்டும். ஆனால் கடைசி விசாரணை முடிந்து 7 ஆண்டு தாண்டியிருந்தால் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. புதிதாக ஏதாவது பாதகமான தகவல் வந்திருந்தாலும் அப்படித்தான். அப்புறம், போகும் இடத்தில் பாலிகிராஃப் தேவை, ஆனால் அவர் எடுத்ததில்லை என்றால் அதற்கும் உட்கார வேண்டும். அந்த 5 நாளும் கோப்பு புதிய அமைப்பின் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னால் காத்திருந்த நாட்கள் கணக்கில் வராது.