பிரம்பு எத்தகைய தாவரம்? நீலகிரியில் அதை வளர்க்க முடியுமா?

பிரம்பு, தென்னையும் பனையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த, பிற மரங்களைப் பற்றி ஏறும் முள்கொடியாகும். பனைக் குடும்பத் தாவரங்களின் தண்டு, மா, பலாவைப் போல ஆண்டுதோறும் பருப்பதில்லை. எனவே ஒளியைத் தேடி உயர விரும்பும் இந்த மெல்லிய தண்டு, தன்னைத் தாங்க அண்டை மரங்களை நாடுகிறது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி கவ்வுவதுபோல, இதன் வளைந்த முட்கள் கிளைகளைப் பற்றிக்கொள்கின்றன. சில இனங்கள் நூறு மீட்டருக்கும் மேல் நீளும்.

முள்ளும் இலையுறையும் நீக்கிய தண்டைச் சூடேற்றினால் ஒடியாமல் வளையும். அதனாலேயே நாற்காலிச் சட்டங்களுக்கு உகந்ததாகிறது. உரித்தெடுத்த மேற்பட்டையைக் கொண்டு இருக்கைகளும் கூடைகளும் பின்னுகிறார்கள்.

நீலகிரியில் உறைபனி விழும் உதகை மேட்டுநிலம் இதற்கு ஒவ்வாது. கூடலூர்ப் பகுதியைப் போன்ற தாழ்ந்த, மழை மிகுந்த சரிவுகளே ஏற்றவை. பழச்சதையை நீக்கிய விதைகளை, அவை காயும் முன்பே நிழலில் விதைத்து, வளர்ந்த நாற்றுகளைத் தாங்குமரங்களின் அருகில் நட வேண்டும். ஆண், பெண் செடிகள் தனித்தனியே இருப்பதால், விதை வேண்டுவோர் இரண்டையும் வளர்ப்பது அவசியம். அறுவடைக்குப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்பதை முன்பே மனத்தில் கொள்வது நல்லது.

பிரம்பை மூங்கிலின் ஒரு வகையென்று பலர் கருதுகின்றனர். ஆனால் மூங்கில் பெரும்பாலும் உள்ளீடற்ற தண்டுடைய புல்லினம், பிரம்போ உட்புறம் கெட்டியான பனையினம்.