ஹோலில் நிற்கும் தூணை எடுக்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடையது மாடி வீடு. கீழே ஹோலுக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் இரண்டு உருண்டைத் தூண்கள். ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதைச் சுவரோரம் தள்ளிவைக்க விருப்பம். மேசன் பாஸ் தட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா அழகுக்கு வைத்தது, அரை நாள் வேலை" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். தட்டினால் மேல் ஓடு மட்டும்தான் பேசும். உள்ளே 9 அங்குலக் கொங்கிரீட் தூண் இருந்தாலும், சுற்றிவர பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் ஓடு போட்டிருந்தால் டொக் டொக் என்றுதான் கேட்கும்.

முதலில் நிமிர்ந்து பாருங்கள். தூணுக்கு மேலே பீம் போகிறதா? மாடியில் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா? அப்படியென்றால் அது பாரம் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிறு துளை ஒன்று போட்டு, விழும் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறமாக வந்து ட்ரில் திணறினால் கொங்கிரீட். இரண்டிலும் அத்தோடு நிறுத்துங்கள். வெள்ளைத் தூள் விழுந்து, ட்ரில் எதிலும் முட்டாமல் வெறுமைக்குள் போனால் அது வெறும் ஓடுதான்.

ஆனால் மெதுவாக அழுத்துங்கள். மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை இப்படியான தூணுக்குள் ஒளித்துவிடுவது இங்கே வழக்கம். மேலே தண்ணீர் இறங்கும் வாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி, கீழே தூணில் காதை வையுங்கள். சலசலத்தால், குழாயை வெளிச்சுவருக்கு மாற்றும்வரை தூணைத் தொடக்கூடாது. "சீலிங்குக்குள்ளே வளைத்துவிடலாம்" என்பார் பாஸ். சரிவு போதாத குழாயில் இலை அடைத்து, ஐப்பசி மழைக்கு ஹோல் நனையும்.

பாரம் தாங்கும் தூண் என்றால் பட்டயப் பொறியியலாளரின் (சார்ட்டர்ட் என்ஜினியர்) கணக்கும் மாநகர சபை அனுமதியும் வேண்டும். "எடுத்துப் பார்ப்போம், வெடித்தால் இரும்பு போடுவோம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். "பிளான் பாஸ் பண்ணித் தாறன்" என்று வரும் புரோக்கரையும்தான். அவர் வாங்கித்தரும் கடதாசி சிலாப்பைத் தாங்காது. சொந்த வீட்டுப் பழைய பிளானின் பிரதிக்கே சபை மனிதரை அலையவிட்டால், புரோக்கருக்குப் பிழைப்பு நடக்காமல் என்ன செய்யும்?

வெறும் அழகுத் தூண் என்றாலும், தள்ளிவைப்பது என்று ஒன்றில்லை. உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்வதுதான். அதையும் ஓடாகவே செய்யுங்கள். 9 அங்குலச் சதுரத்தில் 9 அடிச் செங்கல் தூண் கட்டினால் ஏறத்தாழ 270 கிலோ வரும், தரைக்கு வீண்சுமை. தூணின் அடியில் டைல் இருக்காது. அதே டைல் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு பாஸுக்கு நாள் சொல்லுங்கள்.