அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிச ஓவியங்களை எப்படி ரசிப்பது? எனக்கு வெறும் கிறுக்கலாகத்தான் தெரிகிறது

கேள்வியில் 'கிறுக்கல்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களை யாரோ மியூசியத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள், அவர் ஆஹா ஆஹா என்று நிற்க, நீங்கள் பக்கத்தில் திருதிருவென்று விழித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் கதையில் ஆஹா சொல்லக்கூட ஆள் இல்லை. போன இரண்டு பேருமே சிரித்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியம் படித்தவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஓவியக் கல்லூரிக்காரர்கள் யாராவது படித்தால் சண்டைக்கு வர வேண்டாம். அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்றால், என் பாஷையில், ஆள், மரம் என்று அடையாளம் தெரிகிற எதையும் பெரும்பாலும் வரையாமல், பெயிண்டையும் கை வீச்சையும் நிறத்தையுமே ஓவியமாக்கிய அமெரிக்கப் பாணி.

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மச்சினன் வீட்டில் தங்கியிருந்தபோது நியூயார்க்கில் மோமா என்கிற நவீன ஓவிய மியூசியத்துக்குப் போனோம். அங்கே ஜாக்சன் பொல்லாக் வரைந்த 'நம்பர் 1ஏ, 1948' என்ற ஓவியம். 5 அடி 8 அங்குல உயரம், 8 அடி 8 அங்குல அகலம், முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் இழைகள், அங்கங்கே கொஞ்சம் சிவப்பு, மஞ்சள். "அத்தான், இதை என் பையனே போடுவான்" என்றான் மச்சினன். நானும் தலையாட்டினேன். அவன் காபி வாங்கப் போய்விட்டான். எனக்குக் கால் வலி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரசனை எல்லாம் ஒன்றும் இல்லை, முழங்கால்தான் காரணம்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது வலது மேல் மூலையில் ஏதோ உறுத்தியது. எழுந்து போய்ப் பார்த்தால் கைத்தடங்கள். பெயிண்டில் தோய்த்த உள்ளங்கையைக் கேன்வாஸில் பதித்திருக்கிறார், விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அதுவரை அது ஏதோ சுவரில் தானாகப் படர்ந்த பாசி மாதிரி இருந்தது, இப்போது ஓர் ஆள் அங்கே நின்றிருக்கிறார்.

அப்புறம்தான் 'இது என்ன' என்று கேட்பதை விட்டுவிட்டு 'இது எப்படி வந்தது' என்று பார்க்க ஆரம்பித்தேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உபாயம் இதுதான். பொல்லாக் லாங் ஐலண்டில் ஒரு பழைய கொட்டகையில் கேன்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து, குச்சியாலும் காய்ந்து விறைத்த பிரஷ்ஷாலும் பெயிண்டை ஒழுகவிட்டவர். வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட்தான், நன்றாக ஓடும். கை வேகமாகப் போன இடத்தில் கோடு நூல் மாதிரி இருக்கும், தயங்கிய இடத்தில் பெயிண்ட் தேங்கித் தடித்திருக்கும். ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்தது விழுந்தால் வெட்டினாற்போல் மேலே போகும், ஈரத்தில் விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆக எது முதலில், எது பிறகு என்று கண்ணாலேயே பிரித்துக்கொண்டு போகலாம். லெட்ஜரில் பழைய பதிவுகளைத் தேடுகிற மாதிரி எனக்கு அது பழகிய வேலை.

(அவர் மனைவி லீ கிராஸ்னரும் பெரிய ஓவியர். கொட்டகை பொல்லாக்குக்கு, வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை மனைவிக்கு. பொல்லாக் 1956இல் கார் விபத்தில் இறந்த பிறகுதான் கொட்டகை கிராஸ்னருக்குக் கிடைத்தது. அது தனிப் பஞ்சாயத்து.)

இந்த ஓவியங்களின் பின்னால் சி.ஐ.ஏ. இருந்தது என்று கமெண்டில் எழுத யாராவது விரலை மடக்கிக்கொண்டிருப்பார்கள். பனிப்போர்க் காலத்தில் உளவுத்துறைப் பணம் பண்பாட்டு அமைப்புகளுக்குப் போனது உண்மைதான். அதனால் அந்த உள்ளங்கைத் தடம் பொய்யாகிவிடுமா?

இந்த விஷயத்தைத் தமிழில் ஒரு சிறுபத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். பெயர் வேண்டாம். ஆசிரியர் 'கேன்வாஸ்' வந்த இடத்தில் எல்லாம் 'திரைச்சீலை' என்று மாற்றிவிட்டார். "பொல்லாக் திரைச்சீலையைத் தரையில் விரித்தார்" என்று அச்சாகி வந்தது. படித்த என் அக்கா, ஜன்னலில் கிடந்ததை ஏன் கழற்றினார் என்று கேட்டார். 'பெயிண்ட்' என்பதை 'வண்ணக் குழம்பு' ஆக்கியிருந்தார், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கடைசியில் நான் எழுதாத ஒரு வரி, பிரபஞ்ச மௌனம், அகவெளி என்று. ஓவியம் புரியவில்லை என்று நீங்கள் சொல்வதில் பாதி, இப்படி எழுதுகிறவர்கள் செய்த வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரான்ஸ் கிளைன் என்று ஒருவர். வெள்ளையில் தடித்த கறுப்புப் பட்டைகள், பார்த்தால் ஆவேசத்தில் நாலே வீச்சில் முடித்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் டெலிபோன் டைரக்டரித் தாள்களில் முதலில் சின்னதாகப் போட்டுப் பார்த்துக்கொண்டவர். அந்த வெள்ளையும் சும்மா விட்ட இடம் இல்லை, கறுப்பின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு பிரஷ்ஷால் அடித்த வெள்ளை. கிட்டப் போனால் தெரியும்.

மார்க் ராத்கோ என்று இன்னொரு ஓவியர், அவர் படங்களுக்கு நீங்கள் உட்கார வேண்டும், வேறு வழியே இல்லை. மெல்லிய பூச்சின் மேல் பூச்சு, ஓரங்கள் மசமசவென்று. நியூயார்க்கில் ஓர் ஆடம்பர ரெஸ்டாரண்டுக்காக 1958இல் ஒப்புக்கொண்டு வரைந்த பெரிய ஓவியங்களை, பிறகு மனம் மாறி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானே வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்பது லண்டனில் இருக்கிற டேட் மியூசியத்துக்குப் போயின, அவை போய்ச் சேர்ந்ததும் அவர் இறந்ததும் ஒரே நாள், 1970 பிப்ரவரி 25. போனில் பார்த்தால் இரண்டு பழுப்புக் கட்டங்கள்தான் தெரியும். போனில் பார்த்துவிட்டுக் கிறுக்கல் என்று சொல்லியிருந்தால் உங்கள் கேள்வியே செல்லாது, மன்னிக்கவும்.

எல்லாமே பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. பார்னெட் நியூமன் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. தன் பெரிய ஓவியங்களைக் கிட்ட நின்று பார்க்கச் சொல்லி 1951இல் கண்காட்சியிலேயே அறிவிப்பு ஒட்டியவர் அவர். மோமாவில் அவருடைய கிட்டத்தட்ட 18 அடி அகலச் சிவப்புக்கு முன்னால் அவர் சொன்னபடியே நின்றேன். நல்ல சிவப்பு, அவ்வளவுதான்.

மச்சினன் சொன்னதை நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் கராஜில் ஒரு பழைய போர்வையை விரித்து, மூன்று டப்பா எனாமல் வாங்கி வைத்து, அவன் பையனைக் கூப்பிட்டேன். ஒன்பது வயது. நானும் ஒரு குச்சி எடுத்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிஷம் பிரமாதமாக இருந்தது, எனக்கே கொஞ்சம் கர்வம். அப்புறம் எல்லாம் நடுவில் போய்த் தேங்கிச் சேறு நிறம் ஆகிவிட்டது. என் கை ஒரே மாதிரி வளைவையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது, ஓரங்கள் எல்லாம் காலி. பையன் குச்சியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்து, "மாமா, எப்போ நிறுத்தணும்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் ஒரு டப்பாவை ஊற்றினோம்.

அந்தப் போர்வை இப்போது மச்சினனின் புல்வெட்டும் மெஷினுக்கு அடியில், ஆயில் சொட்டாமல் இருக்க, கிடக்கிறது.