அணு உலை இருக்கும் இடத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? இயற்பியல் படித்திருந்தால் போதுமா? பயமாக இருக்காதா?

தாராளமாகப் போகலாம். ஆஸ்திரேலியாவில் நான்கு வருடம் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். சிட்னி நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் லூக்காஸ் ஹைட்ஸ் என்று ஓர் இடம், சுற்றிலும் யூகலிப்டஸ் காடு. அந்த நாட்டில் இயங்கும் ஒரே அணு உலை அங்கேதான் இருக்கிறது. ஓப்பல் என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டி வரும் குடும்பங்கள் என்று எல்லா மாதிரியும் வருவார்கள்.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சிட்னிக்கு இங்கிருந்துதான் கரண்ட் போகிறதா?" இல்லை. யுரேனியத்தை வெட்டி ஏற்றுமதி செய்யும் நாடுதான், ஆனால் அணுமின் நிலையம் ஒன்றுகூட அங்கே கிடையாது. ஓப்பல் ஓர் ஆராய்ச்சி உலை. அர்ஜென்டினா நிறுவனம் கட்டிக் கொடுத்து 2007-ல் திறக்கப்பட்டது. அதன் வெப்பத் திறன் 20 மெகாவாட். கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத் திறன் 3000 மெகாவாட். ஓப்பலில் வரும் வெப்பத்தை வைத்து மின்சாரம் எடுப்பதில்லை, ஆற்றி விட்டுவிடுகிறார்கள். அங்கே வேண்டியதெல்லாம் யுரேனிய அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் என்ற நுண்துகள்.

உலையின் மையம் எவ்வளவு பெரிது என்று கைகளை விரித்துக் காட்டச் சொல்வேன். பிள்ளைகள் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவார்கள். உண்மையில் அது 35 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 60 செ.மீ.யை ஒட்டிய உயரம். நம் வீட்டு சமையல் சிலிண்டர் அளவு. அதைச் சுமார் 13 மீட்டர் ஆழமுள்ள தண்ணீருக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் கவசம். குளத்தின் ஓரத்துக்கே எல்லாரையும் கூட்டிப்போக முடியாது என்பதால் காணொளியில் காட்டுவோம். அடியில் ஒரு நீல வெளிச்சம் தெரியும். தண்ணீருக்குள் ஒளி போகும் வேகத்தைவிட எலக்ட்ரான்கள் வேகமாகப் பாய்வதால் வருவது அது. 1934-ல் செரென்கோவ் கண்டறிந்தார், 1958-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. கார்ட்டூனில் பச்சையாகப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அந்த நீலத்தைப் பார்த்ததும் வாயடைத்து நிற்பார்கள். எத்தனை முறை பார்த்தும் அந்த நிமிடம் எனக்கு அலுத்ததே இல்லை.

சரி, இயற்பியல் படித்தால் போதுமா? போதாது. எதிரில் நிற்பவர் எந்தப் பயத்தோடு வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் பேசினால் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் காதில் ஏறாது. இதை நான் ஊரில் கற்றுக்கொண்டேன். என் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம். 2011, 2012-ல் கூடங்குளம் போராட்டம் நடந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்ட மீனவப் பெண்களை "விவரம் தெரியாதவர்கள்" என்று சிலர் தொலைக்காட்சியில் ஒற்றை வார்த்தையில் ஒதுக்கினார்கள். இடிந்தகரையில் கட்டிக்கொடுத்திருந்த என் அத்தை அன்றைக்கு அழுதது ஞாபகம் இருக்கிறது. பயத்தைவிட அவமானம்தான் அவரை அழ வைத்தது. வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த அன்றே முடிவு செய்துகொண்டேன்: எந்தக் கேள்விக்கும் சிரிக்கக் கூடாது.

எங்கள் ஊர்க் கடற்கரை மணலே கதிரியக்கம் உள்ளதுதான். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-ல் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. கொடை விழாவில் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் அந்த வெள்ளைப் பை இருக்கிறதே, அதேதான்.

எங்கள் விளக்க மேசையில் பழைய மேன்டில் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கதிரியக்கத்தைச் சத்தமாகக் காட்டும் கைகர் கருவியை முதலில் சும்மா காற்றில் பிடிப்பேன். டக்... டக்... என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். "அணு உலை கசிகிறதா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை, இந்தச் சத்தம் உங்கள் வீட்டிலும் வரும். மண்ணிலிருந்து, விண்ணிலிருந்து, நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்திலிருந்தும் வருகிறது. இப்படி இயற்கையாக நமக்குக் கிடைப்பது உலக சராசரியில் வருடத்துக்குச் சுமார் 2.4 முதல் 3 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது). அப்புறம் கருவியை மேன்டில் பக்கம் கொண்டுபோவேன். தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி சத்தம் கொட்டும். முன்வரிசை இரண்டடி பின்னால் போகும். கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினால் சத்தம் தணியும். தூரம் என்ன செய்யும் என்பதை அவர்கள் காதே சொல்லிவிடும்.

பயமாக இருக்காதா என்ற கேள்விக்கு என் பதிலும் இதுதான். அந்த மணலில் விளையாடி வளர்ந்தவன் நான்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி மருந்துதான். ஓப்பலில் யுரேனியத் தகடுகளை நியூட்ரான்களுக்கு நடுவே வைத்து மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருளை எடுக்கிறார்கள். அது சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகும். எலும்பு, இதயம், சிறுநீரகம் என்று உலகம் முழுக்க எடுக்கும் அணு மருத்துவ ஸ்கேன்களில் பெரும்பாலானவற்றுக்கு இதைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். வருடத்துக்கு மூன்று கோடிப் பேருக்கு மேல். இதன் அரை ஆயுள் ஆறே மணி நேரம். அதாவது காலை ஆறு மணிக்கு இருந்ததில் பாதிதான் நண்பகலில் இருக்கும், மாலை ஆறு மணிக்குக் கால்வாசி. இதைச் செய்து கிடங்கில் வைக்க வழியே இல்லை.

அதனால் தாயை அனுப்புகிறார்கள். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். அதை ஈயக் கவசம் போட்ட ஒரு சின்ன குழாய்க்குள் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே தினமும் காலையில் உப்புநீரை அதற்குள் விடுவார்கள். இரவோடு இரவாகச் சுரந்திருக்கும் டெக்னீசியம் மட்டும் உப்புநீரோடு கரைந்து வரும். மாலிப்டினம் உள்ளேயே தங்கிவிடும். மறுநாள் மறுபடி ஊறியிருக்கும். இந்தக் குழாய்க்கு அந்தத் துறையில் "பசு" என்றே பெயர், உப்புநீர் விடுவதற்குப் பெயர் "கறப்பது". 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பிறந்த யோசனை. நான் இதைச் சொல்லும்போது தமிழ்க் குடும்பங்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

பசு என்றாலும் மணிக்கு நூற்றில் ஒரு பங்கு வீதம் வற்றிக்கொண்டே இருக்கும். விமானம் தாமதமானால் மருந்து குறையும். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல் நின்றபோது பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

கழிவு பற்றிக் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஓப்பலுக்கு முன்னால் 1958 முதல் 2007 வரை ஓடிய ஹைஃபார் உலையின் எரிபொருள் வெளிநாடுகளுக்குப் போனது. பதப்படுத்திய பிறகு மிஞ்சிய கழிவு பிரான்சிலிருந்து 2015-லும் பிரிட்டனிலிருந்து 2022-லும் திரும்பி வந்து அந்த வளாகத்திலேயே இருக்கிறது. கழிவை நிரந்தரமாக வைக்க தெற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பா என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்ங்கார்லா பழங்குடி மக்கள் வழக்குப் போட்டு 2023-ல் வென்றார்கள், அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இதை முழுவதுமாகச் சொன்ன பிறகுதான் கூட்டம் என் மற்ற பேச்சையும் நம்ப ஆரம்பிக்கும்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாகர்கோவில்காரர், மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் நியூட்ரான் கருவிகளின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் (எக்கிட்னா, வாம்பட், குவோக்கா என்று அந்த நாட்டு விலங்குகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்). பாட்டி மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "மக்ளே, அந்த ஊசியை எனக்கும் போட்டிருக்காவ. எலும்பு ஸ்கேனுக்கு. அது உள்ள எவ்ளோ நாளு இருக்கும்?"

எப்போது எடுத்தீர்கள் என்றேன். எட்டு மாதம் ஆகிறதாம். அன்றைக்கு ஒரு நாள் சின்னக் குழந்தைகளைக் கிட்டே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் சொன்னதில் "ஒரு நாள்" இவருக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து பேத்தியைத் தன்னோடு படுக்கவிட்டதே இல்லை. முட்டுவலி என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். கேட்டால் மருமகள் பயந்துவிடுவாளோ என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்று விரலை மடக்கிக் காட்டினேன். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு. பத்து நாளில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவர் கணக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏற்றின கற்பூரம் மாதிரி பாட்டி. தட்டுல இப்ப தேடினா என்ன கிடைக்கும்?" என்றேன்.

"ஒண்ணும் கெடக்காது," என்றார்.

காட்சிக்கு வைத்திருந்த வெற்றுக் குழாய் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். உங்களுக்குப் போட்ட மருந்து இங்கே செய்ததாகத்தான் இருக்கும் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதா, இம்புட்டுத்தானா" என்று முந்தானையால் துடைத்துத் திருப்பித் தந்தார். பஸ்ஸில் ஏறும்போது கவனித்தேன். பேத்தி வழக்கம்போல் அம்மா பக்கத்தில் உட்காரப் போனாள். பாட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.