நியூயார்க்கில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க: வீட்டு முகவரியில் தொடங்குங்கள்

கேள்வி: கணவருக்கு நியூயார்க் மாற்றல். ஜூலையில் கோவையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறோம். குவீன்ஸில் வாடகை வீடு தேடுகிறோம். மகன் 2013-ல் பிறந்தவன், ஏழாம் வகுப்பு முடித்துவிட்டான். மகள் 2021 நவம்பரில் பிறந்தவள். அங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்கிறார்களே, அது என்ன? முதலில் பார்க்க வேண்டியது பள்ளியா, வீடா?

பதில்: இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஊரில் பள்ளியைப் பிடித்துவிட்டு வேன் ஏற்பாடு செய்வோம். அங்கே வீட்டு முகவரிதான் தொடக்கப் பள்ளியைத் தீர்மானிக்கிறது.

நியூயார்க் நகர அரசுப் பள்ளி அமைப்பு அமெரிக்காவிலேயே பெரியது. மாணவர்கள் சுமார் 9 லட்சம். 2002 முதல் மேயரின் பொறுப்பில் இருக்கிறது. அவர் நியமிக்கும் சான்சலர், அதாவது பள்ளித் துறைத் தலைவர், நடத்துகிறார். இதற்குள் 32 சிறிய டிஸ்ட்ரிக்டுகள், அதாவது பள்ளிகளுக்காகப் பிரித்த பகுதிகள். குவீன்ஸில் பிள்ளையார் கோயில் இருக்கும் ஃப்ளஷிங் 25-வது டிஸ்ட்ரிக்டில் வருகிறது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் தெருக்களைப் பிரித்து 'ஜோன்' போட்டிருப்பார்கள். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்றுகூட அமையும். ஆகவே லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போடும் முன் கதவு எண்ணோடு முழு முகவரியையும் கல்வித் துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே போனபின் 311 என்ற நகர உதவி எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். புரோக்கர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

ஃப்ளோரல் பார்க் என்ற பெயரில் வீடு வந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தப் பெயர் நகர எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. எல்லை தாண்டிவிட்டால் அது நகரத்துக்கு வெளியே உள்ள நாசாவ் (Nassau) கவுண்டி. டிஸ்ட்ரிக்ட், சொத்து வரி, சேர்க்கை விதி எல்லாமே வேறு.

மகளுக்குக் கவலை இல்லை. இந்த நகரில் பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள், மாதத்தை அல்ல. நவம்பரில் பிறந்திருந்தாலும் 2026 செப்டம்பரில் கிண்டர்கார்டன் போகலாம். ஜோன் பள்ளியில் முன்னுரிமை கிடைக்கும், ஆனால் இடம் நிரம்பிவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள்.

எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். அவன் நேராக எட்டாம் வகுப்பில் உட்காருவான். உயர்நிலைப் பள்ளி அங்கே ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பமோ எட்டாம் வகுப்பின் முதல் சில மாதங்களிலேயே முடிந்துவிடும். ஸ்டைவெசன்ட், பிராங்ஸ் சயின்ஸ் போன்ற எட்டுப் பள்ளிகளுக்கு எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற ஒரே நுழைவுத் தேர்வு. அதுவும் இலையுதிர் காலத்தில்தான். பெட்டியைப் பிரித்து வீட்டை ஒழுங்குபடுத்தவே அக்டோபர் ஆகிவிடும், அதற்குள் தேர்வுக்குப் பதிவு செய்யும் தேதி போய்விடலாம். இறங்கிய வாரமே கல்வித் துறையின் சேர்க்கை அலுவலகமான ஃபேமிலி வெல்கம் சென்டருக்குப் போங்கள். மகனுக்கு இடம் ஒதுக்குவது அவர்கள்தான். அப்போதே பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் இணையதளமான 'மைஸ்கூல்ஸ்' கணக்கையும் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

கட்டணம் கிடையாது. 2017-லிருந்து மதிய உணவும் எல்லோருக்கும் இலவசம். முகவரிக்கு லீஸ், மின்கட்டண பில் போல இரண்டு சான்றுகள், பிள்ளைகளின் பாஸ்போர்ட், மகனின் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கட்டும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலத் திறனைச் சோதித்து, தேவைப்பட்டால் மட்டுமே கூடுதல் உதவி தருவார்கள். அது பிள்ளைக்கு நல்லதுதான்.

கடைசியாகத் தடுப்பூசி அட்டை. நம் அரசு அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லை; அங்கே அது கட்டாயம். மகனின் வகுப்புக்கு மெனிங்கோகாக்கல் (மூளை உறைக் காய்ச்சல்) ஊசியும் வேண்டும். அப்புறம் தேதி: 05/11 என்று நம் டாக்டர் எழுதினால் அது நவம்பர் 5, அங்கே மே 11 என்று படிப்பார்கள். ஒரு டோஸ் கணக்கில் வராமல் போய், மறுபடி ஊசி போடச் சொல்வார்கள். கோவையிலேயே குழந்தை மருத்துவரிடம் மாதப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.