யாக்கோபு என்றால் ‘எத்தன்’ என்று அர்த்தமா?

கேள்வி: எங்கள் தாத்தா பெயர் சந்தியாகு. அப்பா ஜேம்ஸ். போன மாதம் எங்களுக்கு மகன் பிறந்திருக்கிறான். தாத்தா பெயரை வைக்கவேண்டும் என்று அப்பா சொல்கிறார். எங்களுக்கு ‘ஜேக்கப்’ பிடித்திருக்கிறது. ஆனால் மனைவி வீட்டுப் பெரியவர் ஒருவர், “யாக்கோபு என்றால் எபிரேயத்தில் எத்தன், ஏமாற்றுக்காரன். அதனால்தான் கடவுளே அந்தப் பெயரை மாற்றினார்” என்று தடுக்கிறார். இன்னொரு பக்கம் மாமா, “சந்தியாகு, ஜேம்ஸ், ஜேக்கப் மூன்றும் ஒரே பெயர்தான்” என்கிறார். எது சரி? சான்றிதழில் எப்படி எழுதுவது? (ராமநாதபுரம் மாவட்ட வாசகர்)

பதில்: உங்கள் மாமா சொல்வது முழுக்கச் சரி. பெரியவர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியும் பெயரின் பொருள் அல்ல, ஓர் அண்ணன் கோபத்தில் சொன்ன வசவு.

எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு நான்கே எழுத்து: யோத், ஆயின், கோஃப், பேத். இன்றைய இஸ்ரேலில் ‘யாகோவ்’ என்று கூப்பிடுவார்கள். ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் ரெபேக்காளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. மூத்தவன் ஏசா. இளையவன் அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே வெளியே வருகிறான். குதிகாலுக்கு எபிரேயத்தில் ‘ஆகேவ்’. அதை வைத்து யாக்கோபு என்று பெயரிட்டார்கள் என்கிறது கதை. கவனியுங்கள், பெயர் வைக்கும் இந்த இடத்தில் ஏமாற்று என்ற பேச்சே இல்லை. குதிகால் மட்டும்தான்.

ஏமாற்று இரண்டு அதிகாரம் தள்ளி, 27ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. தம்பி தந்திரமாக அப்பாவின் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று தெரிந்ததும் ஏசா கொதிக்கிறான். இவனுக்கு யாக்கோபு என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டு தடவை என்னை ஏய்த்துவிட்டான் என்கிறான். எபிரேயத்தில் அங்கே ‘யாகோவ்’ என்ற பெயரையும், அதே வேரில் பிறந்த ‘ஏய்த்தான்’ என்ற வினையையும் அடுத்தடுத்து வைத்துச் சிலேடையாகச் சொல்லியிருக்கிறது. தமிழில் நாம் ‘காலை வாரிவிட்டான்’ என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்: குதிகாலைப் பிடித்து இழுப்பவன், கவிழ்ப்பவன். எரேமியா தீர்க்கதரிசியும் 9ஆம் அதிகாரத்தில், எந்தச் சகோதரனையும் நம்பாதே, ஒவ்வொருவனும் ஏய்ப்பான் என்று இதே சொல்லை வைத்து விளையாடுகிறார். ஆகவே எபிரேயக் காதுக்கு அந்தக் குத்தல் கேட்கும் என்பது உண்மை. பிரசங்கங்களில் ‘யாக்கோபு என்றால் எத்தன்’ என்று அடித்துச் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். சிலேடை பெயருக்குப் பொருள் ஆகிவிடாது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் எந்தப் பெயரைத்தான் திருகிக் கிண்டலடிக்காமல் விட்டிருக்கிறார்கள்?

சரி, அப்படியானால் உண்மைப் பொருள் என்ன? பெயரின் அமைப்பைப் பார்க்கவேண்டும். இஸ்மவேல் என்றால் ‘கடவுள் கேட்கிறார்’. அதில் ‘ஏல்’ என்பது கடவுள். இஸ்ரவேலிலும் அதே ஏல் உண்டு. இந்த வகைப் பெயர்களில் முன்னால் ஒரு வினை, பின்னால் கடவுள். பழகப் பழகக் கடவுள் பகுதி உதிர்ந்து வினை மட்டும் நிற்பதும் அந்தப் பக்கத்து வழக்கம். யாக்கோபும் அப்படி உதிர்ந்த பெயர், முழுப்பெயர் ‘யாகோப்-ஏல்’ என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. இது வெறும் ஊகம் அல்ல. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசன் மூன்றாம் துத்மோஸ், கர்னாக் கோவில் சுவரில் கானான் நாட்டு ஊர்களின் பட்டியல் ஒன்றைச் செதுக்கி வைத்தான். அதில் யாகோப்-ஏல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கும் முன்னால், ஹிக்சோஸ் என்ற அந்நிய அரசர்கள் எகிப்தை ஆண்ட காலத்தை ஒட்டி ‘யாகுப்-ஹர்’ என்று ஓர் அரசன் இருந்தான். அவன் பெயர் பொறித்த வண்டு வடிவ முத்திரைகள் கிடைத்திருக்கின்றன. மெசபடோமியாவின் களிமண் பலகைகளிலும் இந்த மாதிரிப் பெயர்கள் உண்டு.

அந்த வினைக்கு என்ன பொருள்? எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் ‘அகபா’ என்றால் காவல் காத்தல். எபிரேயத்துக்குத் தூரத்து உறவு மொழி அது. அதனால் யாகோப்-ஏல் என்பதைக் ‘கடவுள் காப்பாராக’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஊரிலாவது பெற்றவர்கள் பிள்ளைக்கு ‘ஏமாற்றுக்காரன்’ என்று ஆசையாகப் பெயர் வைப்பார்களா? ‘கடவுள் காப்பாராக’ என்று வைப்பார்கள். எனக்கு இந்த விளக்கம்தான் சரியாகப் படுகிறது. குதிகால் கதை, பழைய பொருள் மறந்துபோன பிறகு பெயருக்குக் காரணம் தேடியபோது வந்திருக்கவேண்டும்.

‘கடவுளே மாற்றினார்’ என்ற வாதத்துக்கும் பதில் வேதத்திலேயே இருக்கிறது. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய பிறகு யாக்கோபுக்கு இஸ்ரவேல் என்ற பெயர் கிடைப்பது 32ஆம் அதிகாரம். ஆனால் ஆபிராம் ஆபிரகாம் ஆன பிறகு கதை அவரைப் பழைய பெயரில் அழைப்பதே இல்லை. யாக்கோபு விஷயத்தில் அப்படி இல்லை. பெயர் மாறிய பின்னும் கதை யாக்கோபு, யாக்கோபு என்றேதான் போகிறது. 46ஆம் அதிகாரத்தில் கிழவர் எகிப்துக்குப் புறப்படும்போது இரவில் கடவுள் கூப்பிடுவதும் “யாக்கோபே, யாக்கோபே” என்றுதான். மோசேயிடம் எரியும் முட்செடியிலிருந்து பேசும்போதும் ‘ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்’. யூதர்கள் தங்கள் இனத்தையே ‘யாக்கோபின் வீட்டார்’ என்று சொல்லிக்கொள்பவர்கள். பெயரில் தோஷம் இருந்தால் இதெல்லாம் நடக்குமா? பெரியவரிடம் 46ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக் காட்டுங்கள், போதும்.

இப்போது உங்கள் மாமாவின் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

கிரேக்கத்தில் இந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்தது. பழைய முற்பிதாவுக்கு எபிரேய வடிவத்தை அப்படியே விட்டு ‘இயாகோப்’ என்றார்கள். தங்கள் காலத்து ஆட்களுக்குக் கிரேக்க விகுதி சேர்த்து ‘இயாகோபோஸ்’ என்றார்கள். லத்தீனில் இது இயாகோபுஸ். பேச்சு வழக்கில் ‘ப’ இருந்த இடத்தில் ‘ம’ வந்து ‘இயாகோமுஸ்’ ஆனது. இரண்டும் உதட்டைச் சேர்த்துச் சொல்லும் ஒலிகள் என்பதால் இந்த மாற்றம் எளிது. இத்தாலியர்களின் ஜாக்கோமோ இதன் பிள்ளை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன ‘ஜேம்ஸ்’ இன்னொரு பிள்ளை. ஆங்கில பைபிளில் முற்பிதா ஜேக்கப், அப்போஸ்தலர் ஜேம்ஸ் என்று இரண்டு பேராகத் தெரிவது இதனால்தான். தமிழ் பைபிள் இந்தக் குழப்பத்துக்குப் போகவே இல்லை. ஆதியாகமத்திலும் யாக்கோபு, செபதேயுவின் மகனும் யாக்கோபு, நிருபம் எழுதியவரும் யாக்கோபு. இங்கிலாந்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய ஒன்று நமக்குக் கண்ணுக்கு நேராகவே இருக்கிறது.

ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கம் பெயர் வேறு மாதிரி தேய்ந்தது. இயாகோபுஸ் ‘இயாகோ’ ஆனது. முன்னால் ‘புனித’ என்பதற்கான ‘சாந்த்’ சேர்ந்து சாந்தியாகோ. செபதேயுவின் மகன் யாக்கோபுடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஸ்பெயின் ஊரின் பெயர் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா. சிலி நாட்டுத் தலைநகரும் சாந்தியாகோதான். போர்ச்சுக்கீசியர்கள் சொல்லைத் தவறான இடத்தில் பிரித்து, மிச்சத்தைத் தனிப்பெயராக்கி ‘தியாகோ’ என்று இன்றும் வைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்களோடு இந்தப் பெயரும் கரை இறங்கி சந்தியாகு ஆனது. உங்கள் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலேயே சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துக் கிளாலியிலும் அவருக்குக் கோவில் உண்டு. திருநாள் ஜூலை 25.

ஆக, உங்கள் தாத்தா பெயருக்குள் ‘புனித யாக்கோபு’ முழுதாக இருக்கிறார். உங்கள் அப்பாவும் அதே பெயர்க்காரர். கேரளத்துச் சாக்கோ, முஸ்லிம் வீடுகளின் யாகூப், ஸ்காட்லாந்தின் ஹாமிஷ், பிரெஞ்சு ழாக், ஏன், ஜாக்குலின் கூட இந்தக் குடும்பம்தான். ஜேக் என்று சுருக்கிக் கூப்பிட்டாலும் பொருந்தும். ‘ஜாக்’ மட்டும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஜானின் செல்லப்பெயர், அது யோவான் வீட்டுப் பிள்ளை. உங்கள் பையனுக்கு ஜேக்கப் என்று வைத்தால் தாத்தா பெயரை வைத்ததாகவே கணக்கு. பேரனைப் ‘பெயரன்’ என்று சொன்ன மொழி நம்முடையது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எழுதும் விதம் பற்றி: தமிழில் ‘ஜேக்கப்’ என்றோ ‘யாக்கோபு’ என்றோ ஒன்றை முடிவுசெய்யுங்கள். சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று போனால் பிறகு பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல். ஆங்கிலத்தில் நடுவே ‘சி’ போடுவதுதான் இங்கே பழக்கம். ‘கே’ போடுவது ஜெர்மன், ஸ்காண்டிநேவிய வழக்கம். தவறில்லை, ஆனால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருத்திச் சொல்லவேண்டியிருக்கும். ‘ஜேக்கப் சந்தியாகு’ என்று சேர்த்து வைக்க ஆசைப்பட்டால் ஒரே பெயரை இரண்டு முறை எழுதியதாகும், நான் வைக்கமாட்டேன். நீங்கள் கத்தோலிக்கர் என்றால், பாதுகாவலர் சந்தியாகப்பர் என்று ஞானஸ்நானத்தின்போது பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். தாத்தா பெயரும் அங்கே வந்துவிடும்.

அவசரமும் வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க முடியும். ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவது லேசான காரியம் அல்ல. அதனால் பெரியவரோடு பேசி முடித்துவிட்டு, எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள்.